கெஸ்டால்டா, அறிகை நடத்தைச் சிகிச்சையா, குளிசையா? திருகோணமலையில் உளச்சிகிச்சை தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

உளச்சிகிச்சைக்குப் போவது என்று வீட்டில் முடிவான பிறகுதான் அடுத்த குழப்பம் தொடங்குகிறது. ஒருவர் மருந்து எடு என்கிறார், இன்னொருவர் உளவளத்துணையாளரிடம் போ என்கிறார். இணையத்தில் தேடினால் கெஸ்டால்ட், அறிகை நடத்தைச் சிகிச்சை, மனவடுச் சிகிச்சை என்று பெயர்கள் வந்து குவிகின்றன. இவற்றில் எது உயர்ந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. தொல்லை எந்த வடிவில் நிற்கிறது என்று பார்த்தால் பதில் பெரும்பாலும் தானே வந்துவிடும். ஒருவரிடம் சொல்லாமல் விழுங்கிய பேச்சு, முடிவுறாமல் நிற்கும் உறவு, தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாத மரத்த நிலை ஆகியவற்றுக்கு, இப்போது உள்ளே எழுவதைக் கவனிக்கவைக்கும் கெஸ்டால்ட் நல்ல வழி. திடீர்ப் பதற்றம், கண்முன் திரும்பத் திரும்ப வரும் காட்சிகள், நாட்கணக்கில் நித்திரையின்மை என்று அறிகுறிகள் எரிந்துகொண்டிருந்தால் வேறு வழிகள் முந்தி நிற்கின்றன.

எல்லாவற்றுக்கும் முன்னர் வைத்தியசாலை

ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பது, யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று அசையாமல் நம்புவது, பல இரவுகள் நித்திரையின்றியும் களைக்காமல் திரிவது, சாப்பாட்டையும் தண்ணீரையும் ஒதுக்குவது, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்து தங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் போகவேண்டிய இடம் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தவர்கள் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் உளநலக் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு போகலாம். அரச வைத்தியசாலையில் இது இலவசம். ஆபத்தான வேளையில் 1990 அம்புலன்ஸ் வரும். 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி எண். உயிரை மாய்க்கும் பேச்சு வந்துவிட்டால் வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மிச்சக் குளிசைகளையும் அன்றே வெளியேற்றுங்கள். அந்த எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருப்பதே பல உயிர்களைக் காக்கிறது.

நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது வலிப்பு வரலாம். ஆகவே குடியை நிறுத்துவதும் வைத்தியரின் கண்காணிப்பில் நடக்க வேண்டும். களைப்பும் மனச்சோர்வும் மட்டும் இருந்தால் தைரொயிட்டுக்கும் இரத்தச்சோகைக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தைரொயிட் குறைவால் வந்த சோர்வைக் கதைத்துத் தீர்க்க எந்த உளவளத்துணையாளராலும் முடியாது.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. ஃபுளூஒக்செற்றின், சேர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் வேலைசெய்ய 2 முதல் 4 வாரம் எடுக்கும். முதல் வாரத்தில் குமட்டலும் அமைதியின்மையும் வரலாம். பலர் அங்கேயே நிறுத்திவிட்டு, மருந்து சரிவரவில்லை என்கிறார்கள். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடர்ந்து, வைத்தியர் சொல்லும்படி படிப்படியாகக் குறைத்தே விட வேண்டும். டயசெபாம் வகைக் குளிசைகளின் கதை வேறு. அவை அன்றிரவே அமைதி தரும், வாரக்கணக்கில் போனால் பழக்கமாகிவிடும். மனச்சோர்வு மருந்து எடுத்துக்கொண்டே உளச்சிகிச்சைக்கும் போகலாம். கடுமையான மனச்சோர்வில் இரண்டும் சேர்ந்து நடப்பதே நல்லது, ஏனெனில் வாயைத் திறக்கக்கூடச் சக்தியில்லாதவருக்குக் கெஸ்டால்ட் அமர்வு ஒரு தண்டனைதான்.

கெஸ்டால்ட் என்ன செய்கிறது

கெஸ்டால்ட் சிகிச்சையைத் தொடங்கியவர் பெர்லினில் 1893இல் பிறந்த ஃபிரிட்ஸ் பேர்ள்ஸ், உளப்பகுப்பாய்வு பயின்றவர். நாஸிகளின் காலத்தில் மனைவி லோராவுடன் தென்னாபிரிக்காவுக்குத் தப்பிச் சென்றார், பின்னர் நியூயோர்க்கில் குடியேறினார். ரால்ஃப் ஹெஃபர்லைன், போல் குட்மன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய அடிப்படை நூல் 1951இல் வெளிவந்தது. லோராவின் பங்கு இதில் பெரிது, பல இடங்களில் அது குறைத்தே சொல்லப்படுகிறது.

இதன் அடிக்கருத்து புலனுணர்வு ஆய்விலிருந்து வந்தது. கண் ஒரு காட்சியைப் பார்க்கும்போது ஒன்று உருவமாக முன்னே வரும், மற்றவை பின்னணியாகப் பின்வாங்கும். தேவைகளும் அப்படியே. தாகம் எடுத்தால் தண்ணீர் முன்னே வரும், குடித்ததும் அது பின்னே போய் அடுத்த தேவைக்கு இடம் கொடுக்கும். நிறைவேறாத தேவை பின்னே போவதில்லை. தகப்பனின் சாவீட்டுக்கு வரமுடியாமல் வெளிநாட்டில் நின்ற மகனுக்கு அந்த அழுகை முடியாமல் நிற்கும். வேலைக்குப் போனாலும், பிள்ளையைத் தூக்கினாலும் அது குறுக்கே வரும். கெஸ்டால்டில் இதற்கு முடிவுறாக் கருமம் என்று பெயர்.

அந்தத் தேவை ஏன் முடிவுறாமல் நிற்கிறது என்பதற்கும் இம்முறை விளக்கம் வைத்திருக்கிறது. மனிதர் தம்மையும் சூழலையும் தொடும் எல்லையில் சில தடைகள் உண்டு. ‘ஆம்பிளைப்பிள்ளை அழக்கூடாது’ என்பதை மெல்லாமல் விழுங்கியது ஒன்று. தன் கோபத்தை மற்றவர் முகத்தில் காண்பது இன்னொன்று. அண்ணன்மேல் வந்த கோபத்தைத் தன் உடலுக்குள்ளேயே திருப்பி, பல்லைக் கடித்துத் தலையிடி வாங்கிக்கொள்வது மூன்றாவது. இது நம்மிடையே மிக அதிகம். வெளிநோயாளர் பிரிவில் பல முறை பரிசோதித்தும் ஒன்றும் பிடிபடாத நெஞ்சு நோவும் முதுகு நோவும் சில வேளைகளில் இப்படி வந்தவை. பேச்சு கூர்மையாகும்போது பகிடிவிட்டு நழுவுவதும், தனக்கென்று ஒரு விருப்பம் இல்லாதபடி குடும்பத்தோடு கரைந்து போவதும் மற்றவை.

கடைசியாகச் சொன்னதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். கூட்டாக வாழும் வீடுகளில் அம்மாவைக் கேட்டு முடிவெடுப்பது நோய் அல்ல. கேட்காமல் எடுக்கவே முடியாது என்ற நிலையும், கேட்ட பிறகு தன் விருப்பம் என்ன என்று தெரியாத நிலையும்தான் கவனிக்க வேண்டியவை. மேற்கத்திய நூலை அப்படியே வைத்துக்கொண்டு ‘நீங்கள் குடும்பத்திலிருந்து விலக வேண்டும்’ என்று அவசரப்படும் சிகிச்சையாளர், வருபவரின் ஒரே தாங்குதூணை உடைத்துவிடுவார்.

அமர்வு வழக்கமாக வாரம் ஒருமுறை, 50 நிமிடம். பழைய கதையை முழுக்கச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. சொல்லும்போது இப்போது என்ன நடக்கிறது என்பதே கேள்வி. மூச்சு எங்கே நிற்கிறது, கை ஏன் முட்டியாகிறது, அண்ணனின் பெயர் வந்ததும் குரல் ஏன் இறங்கியது. சிகிச்சையாளர் இதைக் கண்டு சொல்வார், விளக்கம் சொல்லமாட்டார். நோயாளி தன்னை மாற்ற முயல்வதைக் கைவிட்டு, தான் இருக்கும் நிலையை முழுமையாக உணரும்போதே மாற்றம் நிகழ்கிறது என்று அமெரிக்க உளமருத்துவர் ஆர்னல்ட் பைசர் 1970இல் எழுதியது இம்முறையின் நடுவில் இருக்கிறது. ‘அழாதே, தைரியமாக இரு’ என்று கேட்டுக் கேட்டுக் களைத்தவர்களுக்கு இதுவே முதல் ஆறுதல்.

வெற்றுக் கதிரை: எப்படி நடக்க வேண்டும், எங்கே பிழைக்கும்

பலரும் கேள்விப்பட்டிருப்பது வெற்றுக் கதிரை முறையைத்தான், அதாவது எதிரேயுள்ள வெறுங் கதிரையில் ஒருவர் இருப்பதாக எண்ணி அவரோடு கதைப்பது. அது முதல் அமர்விலேயே வந்தால் எழுந்து வந்துவிடலாம். சில அமர்வுகளில் நம்பிக்கை ஏற்பட்ட பிறகுதான் அது வரவேண்டும். அமர்வின் முதல் 20 நிமிடத்துக்குள் தொடங்காவிட்டால் அன்று தொடங்கக்கூடாது, ஏனெனில் கடைசி 10, 15 நிமிடம் அமைதியாகி வீட்டுக்குப் போகத் தயாராவதற்கு வேண்டும்.

முதலில் இரண்டு பாதமும் நிலத்தில் பட இருந்து மூச்சைக் கவனிப்பார்கள். பிறகு எதிரே வெறுங் கதிரை ஒன்று. அது எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை வந்தவரே தீர்மானிப்பார். சுவரோடு தள்ளி வைக்கச் சொன்னால் அதுவே ஒரு செய்தி. அதில் யார் இருக்கிறார், என்ன உடுத்தியிருக்கிறார், முகம் எப்படி இருக்கிறது என்று மெல்ல வரவழைத்துவிட்டு, அவரைப் பற்றிக் கதைக்காமல் அவரோடு நேரே கதைப்பது. தொடக்கத்தில் வருவது முறைப்பாடு. அதன் கீழே கோபமும் துக்கமும் பின்னிக் கிடக்கும், அவற்றைத் தனித்தனியே எடுத்துச் சொல்ல உதவுவதே சிகிச்சையாளரின் வேலை. ‘நீங்கள் எனக்கு என்ன தந்திருக்க வேண்டும்’ என்ற இடத்துக்குப் பேச்சு வந்தால் பாதி வழி கடந்தாயிற்று. பிறகு கதிரை மாறி, அந்த மற்றவராக இருந்து பதில் சொல்வது. மீண்டும் தன் இடத்துக்கு வந்து கேட்டதைத் தாங்குவது.

தகப்பனை ஒருமையில் பேசச் சொல்லி வற்புறுத்துவது வீண்வேலை. கோபத்தை ‘அப்பா, நீங்கள்’ என்றே சொல்லலாம். மரியாதையை உடைக்கும்படி தள்ளினால் வந்தவர் அந்தக் குற்ற உணர்வோடு வீடு போவார், அடுத்த கிழமை வரமாட்டார்.

அதிகம் பிழைக்கும் இடங்கள் வேறும் உண்டு. உரத்து அழுததையே குணம் என்று எண்ணுவது. அழுகைக்குப் பிறகு புதிதாக ஒன்று விளங்காவிட்டால், அடுத்த முறையும் அதே அழுகைதான். வன்முறை செய்தவரின் கதிரையில் பாதிக்கப்பட்டவரை இருத்தி அவர் பக்க நியாயத்தைச் சொல்லவைப்பது பெரும் தவறு. அது மன்னிப்பைக் கட்டாயப்படுத்துவதாகும். இப்போதும் அடிக்கும் கணவரோடு வாழும் பெண்ணுக்கு, அமர்வில் பழகிய கோபம் வீட்டில் வெளிப்பட்டால் உடலுக்கே ஆபத்து. அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்புத் திட்டம். கதைக்கும்போது திடீரென்று இடம் மறந்து, பார்வை வெறித்து, பேச்சு அற்றுப்போகிறவருக்கும் இந்த முறை பொருந்தாது.

பேர்ள்ஸ் 1960களில் கலிபோர்னியாவில் மேடைபோல நடத்திய காட்டமான, எதிர்த்துப் பேசும் பாணியை இன்று முறையாகப் பயின்றவர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். அந்தப் பாணியில் ஒருவர் உங்களைச் சீண்டி உடைக்கப் பார்த்தால் அது கெஸ்டால்டின் இலக்கணம் என்று நினைத்துத் தாங்க வேண்டாம்.

இரண்டு கதிரை முறை இன்னொன்று. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போவதா, பிள்ளைகளோடு நிற்பதா என்று மாதக்கணக்காக அல்லாடுபவர் போகச் சொல்லும் குரலை ஒரு கதிரையிலும் நிற்கச் சொல்லும் குரலை மறு கதிரையிலும் இருந்து கதைப்பார். இப்படிப்பட்ட உட்பிளவுக்குக் கெஸ்டால்ட் தரும் தெளிவை மற்ற முறைகளில் காண்பது கடினம் என்பதே எங்கள் எண்ணம்.

மற்ற இரண்டோடு ஒப்பிட்டால்

தொல்லைதரும் எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் அறிகை நடத்தைச் சிகிச்சை, அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த வழியிலிருந்து வளர்ந்தது. 12 முதல் 20 அமர்வுகள், தெளிவான இலக்கு, ஒவ்வொரு வாரமும் வீட்டுவேலை. பதற்ற நோய்க்கும் மனச்சோர்வுக்கும் ஆய்வுச் சான்று இதற்கே மிக அதிகம், கெஸ்டால்டுக்குச் சான்று குறைவு. வெற்றுக் கதிரையை மட்டும் எடுத்து லெஸ்லி கிரீன்பேர்க் கனடாவில் நடத்திய ஆய்வுகள் அது முடிவுறாக் கருமங்களுக்கு உதவுவதைக் காட்டியுள்ளன. அதை வைத்து எல்லா நோய்க்கும் கெஸ்டால்ட் என்று சொல்ல முடியாது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடல் பக்கமே போகாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். அச்சம்தான் தொல்லை என்றால் அறிகை நடத்தைச் சிகிச்சை நேரே வேலைக்கு இறங்கும். கடலின் படம், கடல் ஒலி, டச்பே வீதியில் தூர நின்று பார்ப்பது, மணலில் இருப்பது, காலை நனைப்பது என்று 8, 10 படிகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அச்சத்தை 100க்கு மதிப்பிடுவார்கள். ஒரு படியில் அச்சம் பாதியாகக் குறையும்வரை, தேவையானால் 30, 40 நிமிடம் நிற்க வேண்டும். உச்சத்தில் ஓடிவந்தால் ஓடியதுதான் காப்பாற்றியது என்று உடல் படித்துக்கொள்ளும், அடுத்த முறை அச்சம் கூடும். இங்கேதான் பலர் தோற்கிறார்கள். அதே ஆள் கடலுக்குப் போகிறார், ஆனால் கை நழுவிப்போன பிள்ளையை எண்ணித் தன்னை மன்னிக்க முடியாமல் இருக்கிறார் என்றால், படிகள் எழுதுவதால் பயனில்லை. அங்கே கதிரை வேண்டும்.

காட்சிகள் கண்முன் வருவது, கெட்ட கனவு, சத்தத்துக்குத் திடுக்கிடுவது என்று மனவடு நோயின் முழு உருவம் இருந்தால், கெஸ்டால்டுக்கு முன்னர் மனவடுவை மையமாகக் கொண்ட சிகிச்சையைத் தேடுங்கள். எங்கள் மாவட்டத்துக்கு மிகப் பொருந்துவது கதையாடல் வெளிப்படுத்தல் சிகிச்சை. ஷெல்லடி, இடம்பெயர்வு, ஆழிப்பேரலை, மறுபடியும் இடம்பெயர்வு என்று ஒன்றின்மேல் ஒன்றாக அனுபவித்தவர்களுக்காகவே அது வகுக்கப்பட்டது. 2006இல் சம்பூரிலிருந்து கிளம்பி ஆண்டுக்கணக்கில் முகாமில் இருந்தவர்களின் வாழ்க்கை இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. ஒரு கயிற்றை விரித்து, பிறந்ததிலிருந்து நல்ல நிகழ்வுக்கு ஒரு பூவும் கொடிய நிகழ்வுக்கு ஒரு கல்லும் வைப்பார்கள். பிறகு வரிசைப்படி ஒவ்வொரு கல்லையும் விரிவாகச் சொல்ல, சிகிச்சையாளர் எழுதி அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுவார். அமர்வு 90 நிமிடம்வரை போகும், எண்ணிக்கை பெரும்பாலும் 4 முதல் 10. இதன் சிறுவர் வடிவத்தை, ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்குக் கரையோர முகாமிலிருந்த 31 பிள்ளைகளில் 6 அமர்வுகளாகச் சோதித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்ற மற்றக் குழுவிலும் பெரும்பான்மையோர் தேறினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமைதிப் பயிற்சியைச் சிறிதாக எண்ணக்கூடாது.

காணாமற்போனவரின் குடும்பத்துக்கு

இதற்குத் தனியிடம் தேவை. வெற்றுக் கதிரை வேலையை விடைபெறுதலில் முடிப்பது பலருக்குப் பழக்கம். இறந்தவருக்கு அது பொருந்தும். கூட்டிக்கொண்டு போனபின் திரும்பாத மகனுக்கு விடை சொல்லச் சொல்வது, தாயிடம் அவனைக் கொல்லச் சொல்வதற்குச் சமம். அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு விளக்கினார். இங்கே முடிவு இல்லை, முடிவைத் தேடுவதும் சிகிச்சையின் இலக்கு அல்ல. ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்கப் பழகுவதே வேலை. கதிரையில் மகனை இருத்தி, இத்தனை ஆண்டில் அவனுக்குச் சொல்ல இருந்ததைச் சொல்லலாம். தங்கச்சியின் கலியாணத்தைச் சொல்லலாம், கோபத்தைக்கூடச் சொல்லலாம். எழும்போது ‘பிறகும் கதைக்கிறேன்’ என்று எழலாம். காணாமற்போனோர் அலுவலகத்தில் பதிவதா, மரணச் சான்றிதழ் எடுப்பதா என்பது குடும்பத்தின் முடிவு. எந்தச் சிகிச்சையாளரும் அதை அவசரப்படுத்தக்கூடாது.

அண்மையில் சாவு நடந்த வீட்டுக்கு எந்தச் சிகிச்சையும் உடனே தேவையில்லை. 31ஆம் நாள் கிரியைவரை உறவுகள் சூழ்ந்திருப்பதும், முஸ்லிம் குடும்பங்களில் கணவரை இழந்தவர் இத்தாவில் இருக்கும் 4 மாதம் 10 நாளும் துக்கத்துக்கு இடம் தரும் ஒழுங்குகள். தன்னைக் கவனிக்கவே முடியாமற்போனாலோ, சாகும் எண்ணம் வந்தாலோ அப்போது உதவி கூப்பிட வேண்டும். இத்தாவில் இருப்பவருக்குப் பெண் உளவளத்துணையாளர் வீட்டுக்கு வரலாம், போனிலும் கதைக்கலாம்.

ஆளைத் தெரிவது

ஒரே முறையில் முழுதாகப் பயின்றவர்களைவிட, பல முறைகளிலிருந்து எடுத்துப் பயன்படுத்துபவர்களே அதிகம். அதில் பிழையில்லை. ஆனால் இரண்டு நாள் பட்டறையில் வெற்றுக் கதிரையைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் அதைச் செய்யக் கொடுக்கக்கூடாது. எங்கே, எவ்வளவு காலம் பயின்றீர்கள், உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவர் ஒருவர் இருக்கிறாரா, நான் உடைந்துபோனால் அமர்வுக்கு வெளியே என்ன செய்வீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். நல்லவர் கோபிக்கமாட்டார். பிரதேச செயலகங்களிலுள்ள உளவளத்துணை அலுவலர்கள் தொடக்கத்துக்கு நல்ல வாசல். அவர்களிடம் கட்டணம் இல்லை, தேவையானால் வைத்தியசாலைக்குக் கடிதமும் தருவார்கள்.

திருமலை சிறிய ஊர். சிகிச்சையாளர் உங்கள் மச்சாளின் வகுப்புத் தோழியாக இருக்கலாம். தெரிந்தவர் என்றால் வேறொருவரைக் கேட்பதே சரி, அவரே அதைச் சொல்ல வேண்டும். ஊரில் கண்ணுக்குப் படாமல் இருக்க இணையவழி அமர்வு உதவும். அறிகை நடத்தைச் சிகிச்சை இணையத்தில் நன்றாகவே நடக்கும். கெஸ்டால்டுக்கு உடல் முழுதும் தெரிய வேண்டும் என்பதால் கமராவைத் தள்ளி வைத்து, முகத்தோடு நின்றுவிடாமல் இடுப்புவரையாவது தெரியும்படி இருங்கள். வீட்டில் கதவு சாத்தக்கூடிய அறை இல்லையென்றால் கதிரை வேலையை இணையத்தில் தொடங்கவே வேண்டாம். மாமியார் அடுத்த அறையில் இருக்க மாமியாரிடம் கதைக்க முடியாது.

எந்த முறையானாலும் 4 அமர்வு கொடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு அமர்வுக்குப் பிறகு ஓரிரு நாள் மனம் கலங்குவது இயல்பு. அந்தக் கலக்கம் அடுத்த அமர்வுக்குள் அடங்க வேண்டும். அடங்காமல் நித்திரை மேலும் குறைந்தாலோ, குடி கூடினாலோ, அமர்வு நாள் நெருங்கப் பயம் ஏறினாலோ அதைச் சிகிச்சையாளரிடமே சொல்லுங்கள். அவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் ஒரு குறிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு ஆளை மாற்றலாம், முறையையும் மாற்றலாம். குளிசை எடுப்பவர் என்றால் அந்த இடைவெளியிலும் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள்.